கைமரத்துக்கு ஒரு தட்டு

திருகாணியின் நீளத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றைக் குற்றம் சொல்ல ஆள் இருக்கும், கப்பலைக் குற்றம் சொல்ல ஆள் இருக்கும், மேன்ஸி வீட்டுக் கோணல் மரங்களைக் குற்றம் சொல்லவும் ஆள் இருக்கும். அதெல்லாம் இருந்ததுதான். ஆனால் தப்பு என்னுடையது.

என் பெயர் மெரன். வடக்குக் கடலில், குளிரும் காற்றும் ஓயாத ஆர்க்னித் தீவுகளில் இருபத்திரண்டு வருடமாகக் கூரை வேலை செய்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான்.

கிழவர் மேன்ஸியும் அவர் மனைவி தோராவும் கடலோரத்தில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருக்கிறார்கள். ஐம்பத்தோரு வருடத்துக்கு முன் கல்யாணமான புதிதில், மீன்வலை போட்டுவைக்கும் பழைய கொட்டகையை வாங்கி வீடாக்கிக்கொண்டவர்கள். அதன் கூரையைச் சரிவாகத் தாங்கும் கைமரங்கள் எப்போதோ கரை தட்டி உடைந்த கப்பலின் மரங்கள். ஒன்று அகலம், ஒன்று ஒடிசல். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எங்கேயும் ஒரே மாதிரி இருக்காது. உள்ளே மச்சு கிடையாது. கட்டிலில் படுத்தால் கைமரமும் அதன்மேல் அடித்த பலகையும் நேராகக் கண்ணுக்குத் தெரியும்.

தோராவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் மூன்று வருடமாகிறது. போன ஜனவரியில் வந்த நர்ஸ், சுவரில் வெப்பமானி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே காலையில் அது ஒன்பது டிகிரி காட்டியது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை ஹெலிகாப்டர் வந்து தோராவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது.

அபர்தீன் நகரத்தில் இருக்கும் மகள் கேரின், நவம்பர் ஒன்றாம் தேதிக்கு அம்மா பெயரில் விமான டிக்கெட் எடுத்துவிட்டாள். எனக்கும் போன் செய்தாள்.

"அம்மாவப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசையா மெரன்? மூணாவது தடவயும் ஹெலிகாப்டர் நேரத்துக்கு வரும்னு யாரு சொல்ல முடியும்? ஒண்ணாந்தேதிக்குள்ள அந்த வீடு கதகதப்பா ஆகட்டும், நானே டிக்கெட்டக் கிழிச்சுப் போடறேன்."

அவள் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் கட்டில் போட இடம். மேன்ஸிக்கு இங்கே பதினோரு ஆடு இருக்கிறது. அதாவது, டிக்கெட் கிழியாவிட்டால் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் இரண்டு இடம். தோரா இதை மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலிலேயே என்னிடம் சொன்னார்: "நான் போனா திரும்பி வர மாட்டேன் புள்ளே. எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கேரின் மேல் இல்லை. பத்து வருடம் முன்னாலேயே இந்தக் கூரையை நான் செய்து கொடுத்திருக்க வேண்டும்.

குளிர் தடுக்கும் நுரைப்பலகையை உள்ளிருந்து கைமரங்களுக்கு நடுவே அடைத்தால் வேலை சுலபம். ஆனால் அந்தத் தூசியில் தோரா ஒரு நாள் இருக்க முடியாது. அதனால் மேலிருந்து செய்ய முடிவெடுத்தோம். கல் ஓடுகளைக் கழற்றிவிட்டு, பலகைமேல் ஈரம் ஏறாத விரிப்பு, அதன்மேல் கெட்டியான நுரைப்பலகை, அதன்மேல் ஒவ்வொரு கைமரத்தின் வழியாகவும் ஒரு ரீப்பர் கட்டை. ரீப்பரில் இறங்கும் நீளத் திருகாணி நுரையைத் துளைத்துக்கொண்டு போய்க் கைமரத்தைக் கடிக்க வேண்டும். மெத்தை தைக்கிற மாதிரிதான். அந்தத் தையல் பிடிக்காவிட்டால் முதல் பெருங்காற்றில் மொத்தமும் வயலில் கிடக்கும்.

எதைப் போட்டுத் தைப்பது என்று ஆகஸ்டில் அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசினோம். பார்லி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்தன.

"செம்பு ஆணி போடு," என்றார் மேன்ஸி. "படகுக்கு அதான் போடுவோம்."

"உங்க வீடு எங்கயாச்சும் மெதக்கப் போகுதா?"

"இங்க அடிக்கிற காத்துக்கு மெதந்தாலும் மெதக்கும்."

"இவரு கல்யாணத்தன்னிக்கே கோட்டுல பொத்தானுக்குப் பதிலா செம்பு ஆணியக் குத்திட்டு வந்த ஆளு," என்றார் தோரா. சிரித்ததில் இருமல் வந்து, மேன்ஸி எழுந்து போய் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஆணி ஆகாது என்றேன். நுரைக்குள் அதற்குப் பிடிமானம் இல்லை, ஓட்டின் கனத்தில் சாய்ந்துவிடும். நாகப் பூச்சுப் போட்ட இரும்பை எங்கள் உப்புக்காற்று பத்து வருடத்தில் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுதான் சரி. சாதா இரும்பைவிட அது குளிரை உள்ளே கடத்துவதும் குறைவு. நுனியிலும் தலைக்குக் கீழேயும் மரை இருக்க வேண்டும், அப்போதுதான் முடுக்கும்போது ரீப்பர் கீழே அழுந்தி நுரையை நசுக்காது. சிலதைச் சரித்து இறக்க வேண்டும், ஓடு கீழே வழுக்காமல் அவை இழுத்துப் பிடிக்கும். இவ்வளவையும் பெரிய வக்கீல் மாதிரி விளக்கினேன்.

கடைசியில் நீளம். திருகாணி விற்கிற, தீவுக்கு வெகு தெற்கே உள்ள கம்பெனியின் அட்டவணை என் கையில் இருந்தது. ரீப்பர் நாலு சென்டிமீட்டர், நுரை பன்னிரண்டு, கைமரத்துக்குள் நாலு. மொத்தம் இருபது. ரொட்டி சுற்றிவந்த காகிதத்தில் எழுதி வட்டம் போட்டேன். மேன்ஸி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் நடுவில், மலைப்பக்கச் சரிவில் ஆரம்பித்தோம். நான் வேலைக்கு, எழுபத்தி மூன்று வயது மேன்ஸி கை கொடுக்க. அவரை இடுப்புக் கயிறு கட்டவைப்பதற்குள் தினமும் எனக்குத் தொண்டை வற்றும்.

மற்ற வீடுகளில் ஓட்டைக் கழற்றியதும் பலகையில் ஆணி வரிசை தெரியும், அதன் அடியில்தான் கைமரம். இங்கே ஓடு மூன்று தடவை மாற்றி அடித்த கூரை. பலகை முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. எது கைமரத்து ஆணி, எது ஓட்டு ஆணி என்று கடவுளுக்கே தெரியாது. முதல் நாள் நாலு திருகாணி போட்டதில் மூன்று வெற்றுப் பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது.

கீழிருந்து டொக் டொக் என்று சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், தோரா நாற்காலியில் உட்கார்ந்து, படகை இழுக்கும் கொக்கிக் கம்பைக் கையில் பிடித்திருந்தார்.

"ரெண்டு பேரும் கண்ணக் கட்டிட்டு அடிக்கிறீங்க. எனக்கு இங்க எல்லாம் பளிச்சுனு தெரியுது. என்னய ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?"

அன்றிலிருந்து வேலை மூன்று பேர் வேலையானது. நுரைப்பலகை போடும் முன் தோரா கைமரத்தின் நெடுக உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே வருவார், நான் மேலே சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போவேன். பிறகு திருகாணி இறங்கியதும் தீர்ப்பு வரும். ஒரு தட்டு என்றால் மரத்தைப் பிடித்துவிட்டது. இரண்டு தட்டு என்றால் தப்பிவிட்டது, உடனே உருவிவிடு. வீட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற நுனியைக் குளிர்காலத்தில் விட்டுவைக்கக் கூடாது. அது குளிரை உள்ளே கொண்டுவரும், நுனியில் தண்ணீர் கோத்துச் சொட்டும்.

மேன்ஸி மண்டியிட்டு, தலையைச் சாய்த்து அந்தத் தட்டுக்குக் காத்திருப்பார். ஒன்று விழுந்ததும், சுத்தியல் பிடியால் அவரும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடுத்ததற்கு நகருவார்.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"கேட்டுச்சுன்னு அவளுக்குச் சொல்ல வேணாமா?"

"ஒவ்வொண்ணுக்குமா? இப்பிடியே போனா கிறிஸ்துமஸ் வந்துரும்."

"நீ உன் வேலயப் பாரு பொண்ணே," என்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

அக்டோபர் ஒன்பதாம் தேதிக்குள் மலைப்பக்கச் சரிவில் முக்கால்வாசி ரீப்பர் ஏறிவிட்டது. அன்று காலை ஒரு திருகாணி தப்பியது. இரண்டு தட்டு கேட்டது. உருவப் போனால் ட்ரில்லில் பேட்டரி செத்துவிட்டது. சரி, டீ குடித்துவிட்டு வரலாம் என்று இறங்கினோம்.

தோரா கட்டிலில் படுத்திருந்தார். "மேல பாரு. குட்டி மூக்கு மாதிரி எட்டிப் பாக்குது," என்றார்.

பார்த்தேன். கட்டிலுக்கு நேர்மேலே, இரண்டு கைமரங்களுக்கு நடுவே, பலகையில் திருகாணி நுனி. சிறியதாக இருந்தது. பூட்சைக் கழற்றிவிட்டு அவர் கால்மாட்டில் ஏறி நின்று, நுனியோடு விரலை வைத்துப் பார்த்தேன். என் விரலின் முதல் கணு வரைக்கும்தான் வந்தது. இரண்டு சென்டிமீட்டர்.

கணக்குப்படி நாலு இருக்க வேண்டும்.

கட்டில்மேல் நின்றபடியே எனக்குப் புரிந்தது. பலகை. இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள பலகை. அந்தத் தெற்குப் பக்கத்தில் கைமரத்தின்மேல் பலகை அடிப்பதில்லை, அதனால் அவர்கள் அட்டவணையில் அது கிடையாது. எங்கள் பக்கத்தில் பலகை இல்லாத கூரையே கிடையாது, அதனால் யாரும் அதைத் தனியாக எண்ணுவதில்லை. கூரை என்றாலே பலகையும் சேர்த்துத்தான். நானும் எண்ணவில்லை. அப்படியானால், தப்பாமல் ஒரு தட்டு வாங்கிய முந்நூறு திருகாணியும் கைமரத்தை இரண்டு சென்டிமீட்டர்தான் கடித்துக்கொண்டிருந்தன.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன். அதன்மேல் ஓடு ஏற்றிவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு குளிர்காலம் தாங்கக்கூடத் தாங்கும். சொன்னால் புதுத் திருகாணி வர வேண்டும், எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும், ஒன்றாம் தேதிக்கு இருப்பது இருபத்தி மூன்று நாள். நானே என் வாயால் தோராவை விமானத்தில் ஏற்றுகிற மாதிரி. கீழே பார்த்தேன். அவர் என் கால் சாக்ஸில் இருந்த ஓட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இறங்கி உட்கார்ந்து சொன்னேன். பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் கத்துவேன், அதனால் கத்தினேன். "பலகைய விட்டுட்டேன்! இருபத்திரண்டு வருஷமா இதே வேல, பலகைய விட்டுட்டேன்!"

மேன்ஸி சட்டைப்பையிலிருந்து அந்த ரொட்டிக் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். வட்டத்தைப் பார்த்தார். "நானும்தான் பாத்தேன். எனக்கும் தோணல," என்றார்.

"அம்பது வருஷமா அந்தப் பலகையப் பாத்துட்டுப் படுத்திருக்கேன். எத்தன முடிச்சு, எத்தன கீறல்னு சொல்லுவேன். என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார் தோரா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப எவ்வளவு நீளம் வேணும்?"

"இருபத்திரண்டு போதும். இருந்தாலும் இருபத்திநாலு."

"அப்ப அதச் சொல்லி வரவழை. மூக்க மொதல்ல தொடச்சுக்க."

சொல்லி அனுப்பினேன். ஆனால் வெள்ளிக்கிழமை புயல் என்று வானிலை அறிக்கை. புயல் முடிகிறவரை கப்பல் வராது. காற்று கடல் பக்கமிருந்து வரும். கூரை வேலை தெரியாதவர்கள் கடல்பக்கச் சரிவுக்குத்தான் ஆபத்து என்று நினைப்பார்கள். காற்று தள்ளுவதைவிட உறிஞ்சுவதுதான் மோசம். அது முகட்டைத் தாண்டி, மறுபக்கச் சரிவை மேல்நோக்கிப் பிய்க்கும். அந்த மறுபக்கத்தில்தான் என் குட்டைத் திருகாணிகள்.

மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேன்ஸி ஆட்டுக்கொட்டிலுக்குப் போய், மீன்பிடி வலை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். இங்கே வைக்கோல் கூரை இருந்த காலத்தில் அதன்மேல் கயிறு போட்டு, இறவாரத்தில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். பாழடைந்த வீடுகளில் அந்தக் கல்கள் இன்னும் கிடக்கின்றன. வியாழன் முழுக்க அவர் கரையிலிருந்து கல் பொறுக்கிக் கொடுக்க, நான் முகட்டைத் தாண்டி வலையைப் போட்டுக் கீழே கல் கட்டினேன். நுரைப்பலகையும் எஃகும் போட்ட புதுக் கூரைக்கு மேலே மீன்வலை. ரோட்டில் போகிறவர்கள் காரை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருத்தனாவது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன், யாரும் திறக்கவில்லை.

வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் காற்று ஆரம்பித்தது. பதினொன்றுக்குக் கதவைத் திறக்க முடியவில்லை. மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். தோரா கொக்கிக் கம்பின் நுனியைக் கைமரத்தில் ஊன்றி, இந்த முனையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார், நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. மேன்ஸி மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் தோல் சீவினார். வெளியே கல்கள் சுவரில் மோதிக்கொண்டே இருந்தன.

"எப்பிடி இருக்கு?" என்று மேன்ஸி கேட்பார்.

"நடுங்குது. ஆனா நகரல."

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே கேள்வி, அதே பதில். ஒரு தடவை தோராவுக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. கம்பால் ஒரு தட்டுத் தட்டினார். மேன்ஸி கத்தியின் பிடியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

நாலு மணிக்குக் காற்று இறங்கியது. கூரை அப்படியே இருந்தது. ஒரு கல் மட்டும் அறுந்துபோய் என் வேனின் விளக்கை உடைத்திருந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

பதினேழாம் தேதி கப்பலில் இருபத்திநாலு சென்டிமீட்டர் திருகாணி வந்தது. ஒவ்வொரு குட்டைத் திருகாணிக்கும் பக்கத்தில் புதிது ஒன்று. முதல் திருகாணி இறங்கும்போது, ட்ரில் திணறி என் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. இரண்டு சென்டிமீட்டருக்கும் ஆறு சென்டிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரிகிறது. முன்பே தெரிந்திருக்க வேண்டும். கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. மலைப்பக்கம் முடித்து, கடல்பக்கம் முடித்து, இருட்டும்வரை ஓடு போட்டோம். தோராவுக்குக் கை வலித்தால் தோளில் கம்பைச் சாய்த்துக்கொண்டு தட்டுவார். ஓய்வெடுங்கள் என்றால் என்னைத் திட்டுவார்.

கட்டிலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அந்த நுனியை மட்டும் தோரா உருவ விடவில்லை.

"குளிர் வந்தா மூஞ்சில சொட்டும்," என்றேன்.

"உண்மையச் சொன்ன ஒரே ஆளு அவன்தான். இருக்கட்டும்."

மேன்ஸி ஒரு பாட்டில் கார்க்கை எடுத்து அதன் நுனியில் செருகிவிட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் கேரின் வந்தாள். கையில் பெரிய காலிப் பெட்டி, அம்மாவின் துணிகளுக்கு. முகட்டு ஓடு மட்டும் பாக்கி, மேன்ஸி மேலே இருந்தார். நான் உள்ளே வந்தபோது அவள் கோட்டைக் கழற்றாமல் வெப்பமானிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு டிகிரி. மூன்று நாளாகக் குறையவில்லை என்றார் தோரா. அவர் சால்வைகூடப் போர்த்தியிருக்கவில்லை.

கேரின் கட்டிலில் பெட்டியை வைத்துத் திறந்தாள். நிமிர்ந்தபோது கார்க் கண்ணில் பட்டது.

"அதென்ன?"

நானே சொன்னேன். பலகை, அட்டவணை, இரண்டு சென்டிமீட்டர், மீன்வலை, எல்லாம். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நீ சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"இப்ப போட்டது நிக்குமா?"

"நிக்கும். நிக்கலன்னா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்."

அவள் மறுபடி வெப்பமானியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "எனக்குப் பயமா இருக்கும்மா. ராத்திரி போன் அடிச்சாலே பயமா இருக்கு. நீயே சொல்லு. என்கூட வர்றியா, இல்ல இங்கயே இருக்கியா?"

தோராவுக்கு வாய் திறந்தது, மூச்சு வரவில்லை. மகளின் கன்னத்தைத் தொட்டார். இன்னொரு கையால் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்திருந்த கொக்கிக் கம்பை எடுத்து, கைமரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

மேலே முகட்டில் கடல் பக்கம் திரும்பிக் குனிந்திருந்தவருக்குக் கேள்வி என்ன என்று தெரியாது, மகள் வந்ததே தெரியாது. சுத்தியல் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார்.

கேரின் அப்படியே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய்க் காலிப் பெட்டியை மூடினாள்.